செவ்வாய்க்கிழமைப் பட்டூரா

பட்டூராவை ஆறவிட்டுச் சாப்பிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை, இன்ஸ்பெக்டர் சாகிப். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. வரி கட்டுவார்கள், மாமியாரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் எண்ணெயிலிருந்து எடுத்த பட்டூரா பந்துபோல உப்பித் தட்டில் வந்து உட்காரும்போது, ஒரு மனிதனால் செல்போனில் பேசிக்கொண்டிருக்க எப்படி முடிகிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் காற்று இறங்கிவிடும். அப்புறம் அது செருப்புத் தோல்தான்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். என் மனைவி ராஜ்ராணி டீ போடுகிறாள். சர்க்கரை இல்லாமல்தான் வரும். இந்த வீட்டில் இப்போது எல்லாம் அப்படித்தான்.

நீங்கள் பசீனைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். பஹாட்கஞ்ச் கடையில் கேமரா இருந்தது என்கிறீர்கள். இருக்கட்டும். கேமரா இல்லாவிட்டாலும், யாராவது வந்து மரியாதையாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் அதில் தெரிவதை மட்டும் பார்த்தால் என்னைப் பற்றித் தப்பாக நினைக்க இடமிருக்கிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் ஹர்பன்ஸ் லால் துக்கல். திலக் நகரில் குழாய், வாஷ்பேசின், கம்மோடு விற்கும் கடை வைத்திருந்தேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். உள்ளே போவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், வெளியே வருவதைப் பற்றி நாங்கள்தான் கவலைப்பட்டோம். கௌரவமான தொழில். அந்தக் காலத்திலிருந்தே எனக்கு ஒரு நண்பன், குர்தயாள் சிங். டாக்ஸி ஸ்டாண்டு நடத்தினான். அவன் வயிறு ஒரு தெருவுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் நுழைவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் பார்க்கில் ஒரு சுற்றுச் சுற்றுவோம். ஒரு சுற்றுதான். அது பசியெடுப்பதற்காக. பிறகு மார்க்கெட் மூலையில் பில்லாவின் வண்டி. பில்லா சோலேயைச் சாயந்தரமே ஊறப்போட்டு, டீத்தூள் மூட்டை கட்டிப்போட்டு வேகவைப்பான். கொண்டைக்கடலை கறுத்து, வாயில் வைத்ததும் வெண்ணெய் மாதிரி மசியும். மேலே இஞ்சி கீறிப் போடுவான். பக்கத்தில் கேரட் ஊறுகாய், எலுமிச்சை பிழிந்த வெங்காயம், உப்பில் புரட்டி வதக்கின பச்சை மிளகாய். பட்டூராவுக்குள் கொஞ்சம் பனீர், ஓமம். நான் கோயிலுக்குப் போவதில்லை. அப்படிப் போகிறவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கிறதோ அது எனக்கு அந்த வண்டியருகே நின்றுகொண்டே கிடைத்தது.

குர்தயாள் சும்மா சாப்பிடமாட்டான். வம்புக்கு இழுத்துக்கொண்டேதான் சாப்பிடுவான்.

"என்ன பில்லா, சோலே இன்னிக்கு வெளுத்திருக்கு. காமாலையா?"

"டீத்தூள் கம்மியாப் போச்சு சர்தார்ஜி."

"உன் டீயிலயும் டீத்தூள் கிடையாது. சோலேயிலயும் இல்லேன்னா அப்ப அது எங்கதான்யா போகுது? பொண்டாட்டி மூக்குத்தியா மாறுதா?"

பில்லா சிரித்துக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றுவான். அதற்காகத்தான் அவன் அப்படிப் பேசுவான். தாடியில் ஒட்டிய சோலேயைத் துடைக்கக்கூடமாட்டான். "இருக்கட்டும்டா, மத்தியானம் பசிக்கும்" என்பான்.

எங்களுக்கு வேறு ஆசைகள் இருந்ததில்லை. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பசீன் எங்கள் பகுதிக்குக் குடிவந்தது அதற்கப்புறம். சுதர்ஷன் பசீன், இன்ஷூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார். அதைப் பற்றி மற்றவர்கள் அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். நடந்தது நடந்தது, பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். அவருக்கு எங்களையும் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முதலில் சிரிப்புச் சங்கம் தொடங்கினார். வயதான ஆண்கள் பார்க்கில் வட்டமாக நின்று, கையைத் தூக்கி, காரணமே இல்லாமல் ஹா ஹா ஹோ ஹோ என்று சிரிக்க வேண்டும். எங்கள் காலத்தில் அப்படிச் சிரித்தவர்களை ஆக்ரா பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். சிரித்து முடித்ததும் ஸ்டீல் டம்ளரில் சுரைக்காய் ஜூஸ். குடித்தவுடன் யாருக்கும் சிரிப்பு வராது, அதனால்தான் அதைக் கடைசியில் வைத்திருந்தார்.

என்னிடம் ஒருநாள் சொன்னார்: "துக்கல் சாப், நீங்க சாப்பிடறது பட்டூரா இல்ல. உங்க போட்டோவுக்கு உங்க பையன் போடப்போற மாலை."

"மாலை என்னிக்கிருந்தாலும் விழப்போகுது பசீன் சாப். வயிறு நிறைஞ்சிருக்கும்போது விழட்டுமே."

"சிரிங்க, சிரிங்க. வீட்ல பெஹன்ஜிகிட்ட நான் பேசிக்கறேன்."

பேசினார். அதுதான் அவருடைய திறமை. கணவர்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை, ஆனால் மனைவிகள் கேட்டார்கள். ஒரு மாதத்துக்குள் எங்கள் பகுதியில் இருந்த பெண்கள் எல்லோரும் அவர் கட்சி. ராஜ்ராணி நெய் டப்பாவைத் தன் புடவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பில்லாவின் வண்டியில் நான் நின்றால், நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிடும். இந்த வயதில் ஒரு மனிதன் திருட்டுத்தனமாக ஊறுகாய் தின்பது எவ்வளவு கேவலம் என்பது உங்களுக்குப் புரியாது. உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது.

இதற்கெல்லாம் நான் அவர்மேல் கோபப்படவில்லை. நான் அற்பக் காரணங்களுக்காகக் கோபப்படுகிறவன் இல்லை.

குர்தயாள் மாறினான். அதுதான் என்னை உறுத்தியது. அவன் மனைவி மொஹிந்தர் கௌர் அவனுடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அழுதாளாம். அதிலிருந்து அவன் ஞாயிற்றுக்கிழமை வண்டிப் பக்கம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"ஹர்பன்ஸ், லூதியானாவுல பேத்திக்குக் கல்யாணம் பேசியிருக்காங்கடா. அதுல நான் ஆடணும். அதுவரைக்கும் இந்தச் சுரைக்காயை முழுங்கித் தொலைக்கிறேன்."

"ஒரே ஒரு பட்டூரா. அதைத் தின்னா காலா உடைஞ்சிடும்?"

"ஒண்ணோட நிக்கிற ஆளாடா நாம?"

இது அவன் பேச்சு இல்லை. பசீனின் பேச்சு, குர்தயாளின் தாடிக்குள்ளிருந்து வந்தது. நான் அவனை நாற்பது வருஷமாக அறிந்தவன். எது அவன் குரல், எது அவனுக்கு யாரோ ஏற்றிவிட்ட குரல் என்பது எனக்குத் தெரியாதா?

அந்தக் கல்யாணத்தை அவன் பார்க்கவில்லை. சிறுநீரகம் விட்டுப்போயிற்று. எப்போதோ போயிருக்க வேண்டியதாம், டாக்டர்கள் சொன்னார்கள். டாக்டர்கள் எதையும் அது நடந்து முடிந்த பிறகுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவன் தலைப்பாகை இல்லாமல் இருந்தான். தலையில் ஒரு துணியை மட்டும் கட்டியிருந்தார்கள். இத்தனை பெரிய மனிதனுக்குள் இவ்வளவு சின்ன மனிதன் இருந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் நான் பில்லாவிடம் போய், அப்போதுதான் எடுத்த இரண்டு பட்டூராவைத் துணியில் சுற்றி, சோலேயை டிபன் டப்பாவில் வாங்கி, வெங்காயத்தையும் ஊறுகாயையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, ஆட்டோக்காரனை விரட்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சால்வைக்குள் மறைத்துத்தான் கொண்டுபோனேன். வயிற்றுப் பக்கம் சூடு தெரிந்துகொண்டே இருந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று அது சொல்வதுபோல.

பசீன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். தினமும் வந்து உட்காருவாராம். பேப்பர் படித்துக் காட்டுவாராம், காலைப் பிடித்துவிடுவாராம். காவல்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள், கைதியோடு நன்றாகப் பழகிவிடுவார்கள்.

நான் துணியைப் பிரித்தேன். அறை முழுவதும் அந்த வாசனை வந்தது. குர்தயாள் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது அவனுக்கு.

பசீன் எழுந்து துணியை மூடினார். "துக்கல் சாப், இங்க வேண்டாம். வெளிய வாங்க, பேசிக்கலாம்."

"அவன் வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லட்டும். போறேன்."

"சொல்லமாட்டாருங்க. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லமாட்டாரு. தயவுசெஞ்சு வாங்க."

என் முழங்கையைப் பிடித்து, ஒரு நோயாளியை நடத்துவதுபோல வராண்டாவுக்கு நடத்திவந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? ஆறிக்கொண்டிருந்தது. இரண்டையும் நானே சாப்பிட்டேன். உணவை வீணாக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அந்த வாரமே குர்தயாள் போய்விட்டான், நாக்கில் சுரைக்காய்ச் சுவையோடு.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, சாகிப். உங்கள் சட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். ஒரு மனிதனின் கடைசி ஆசையைக் கதவைச் சாத்தி வெளியே நிறுத்தியவருக்கு ஒன்றும் நடக்கக்கூடாதா? நான் அதை யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்தேன், அவ்வளவுதான். அப்போது என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை.

குளிர் தொடங்கிய சமயம், கடைக்கு ஏதோ குழாய் வால்வு வேண்டுமென்று மகன் என்னை பஹாட்கஞ்சுக்கு அனுப்பினான். செவ்வாய்க்கிழமை. ஒரு சந்துக்குள் நுழைந்தபோது வாசனை என்னைப் பிடித்து இழுத்தது. பெயர்ப்பலகை இல்லாத கடை, நாலு மேசை, வாசலில் வாணலி. உள்ளே மூலையில் ஒருவர் குரங்குக் குல்லாவைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, நெற்றியில் செந்தூரத்தோடு, குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குனிந்திருந்த விதம்தான் காட்டிக்கொடுத்தது. சிரிப்புச் சங்கத்தில் அவர் அப்படித்தான் குனிவார், பெரிய சிரிப்புக்கு முன்னால்.

பசீன் நிமிர்ந்து பார்த்தார். வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். அதை நான் மதித்தேன். துப்பவில்லை.

"உட்காருங்க துக்கல் சாப். நின்னுக்கிட்டே பாத்தீங்கன்னா எனக்கு இறங்காது."

"சுரைக்காய் ஜூஸ் இங்கயும் கிடைக்குதா?"

"கிண்டல் பண்ணுங்க. பண்ண வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை பஜ்ரங்பலி அனுமார் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வருவேன். பொய் இல்ல, கோயிலுக்கும் போவேன். முதல்ல அவரு, அப்புறம் இது."

"உங்க ஸ்டென்ட்?"

"அதுக்குத் தெரியாமத்தான் சாப்பிடறேன்."

எனக்கும் ஒரு தட்டு சொன்னார். வந்ததும் தன் வெங்காயத்தை எல்லாம் என் பக்கம் தள்ளினார். "செவ்வாய்க்கிழமை. வெங்காயம் தொடமாட்டேன்" என்றார், மிகவும் பக்தியாக.

அந்தப் பட்டூராவைப் பற்றி நான் உண்மையைச் சொல்ல வேண்டும். பில்லாவுடையதைவிட நன்றாக இருந்தது. மேலே மெல்லிசாக மொறுமொறுப்பு, உள்ளே மேகம். சோலேயில் மாதுளம் விதையும் உலர்ந்த நெல்லிக்காயும் சேர்த்திருந்தார்கள், ஒரு புளிப்பு பின்னாலிருந்து மெல்ல வந்து தோளைத் தட்டும். குர்தயாள் இப்படி ஒன்றைச் சாப்பிடாமலே போனானே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. அடைத்ததால் லஸ்ஸி வாங்கிக் குடித்தேன்.

அடுத்த செவ்வாயும் போனேன். அதற்கடுத்ததும். ராஜ்ராணியிடம் எனக்கும் அனுமார் பக்தி வந்துவிட்டது என்றேன். அவள் ஆனந்தப்பட்டுப் பூ கட்டிக் கொடுத்தாள். பசீனும் நானும் மெட்ரோவில் சேர்ந்தே போவோம், திரும்பும்போது இருவரும் சோம்பு மென்றுகொண்டு வருவோம். பிரசாதம் வீட்டுக்கு. நீங்கள் நினைக்கலாம், இது நண்பர்கள் செய்வது என்று. இல்லை. நான் ஆதாரம் சேகரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை பார்த்ததை வைத்து ஒரு மனிதனைப் பற்றி முடிவு செய்யக்கூடாது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அவரைக் கவனமாகப் பார்த்தேன். அதற்குச் சாப்பிட வேண்டியிருந்தது.

அவர் பேச்சுக்கு இனிமையானவர். குளிர்காலத்தின் பாதியில் ஒருநாள் ஊறுகாயை நக்கிக்கொண்டே சொன்னார்: "குர்தயாள் சர்தார் இருந்திருந்தா இந்தக் கடையையே தூக்கிக்கிட்டுப் போயிருப்பாரு, இல்ல?"

நான் தலையை ஆட்டினேன். அந்தப் பெயரை அவர் அந்த வாயால், அந்த ஊறுகாயோடு சொன்னார். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ ஒன்று அமைதியானது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அடைத்துக்கொண்டிருந்த குழாய் திறந்து தண்ணீர் ஒழுங்காகப் போகத் தொடங்கும்போது ஒரு சத்தம் கேட்கும். அந்த மாதிரி.

அன்றைக்கே அவர் தன் ஸ்வெட்டரைத் திறந்து சட்டைப்பையைக் காட்டினார். சின்ன பிளாஸ்டிக் டப்பா. "நெஞ்சு பிடிச்சா நாக்குக்கு அடியில ஒண்ணு வைக்கணும். உடனே வைக்கணும். என் வீட்டுக்காரிக்கும் உங்களுக்கும்தான் இது இருக்கிற இடம் தெரியும்." என் கையைப் பிடித்து ஒருமுறை தட்டினார். எவ்வளவு நம்பிக்கை, பாருங்கள். மனிதர்கள் எதை நம்பி யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்க வந்த நாள்.

பனிமூட்டம். எதிரே வருகிறவர் முகம் தெரியாது. மெட்ரோவில் எஸ்கலேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கூட்டம். படியில் ஏறலாமே என்றேன். படியேறுவது உடம்புக்கு நல்லது என்று பார்க்கில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஏறினார். மேலே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கோயிலுக்கு அப்புறம் போலாம் துக்கல் சாப். முதல்ல உக்காரணும்" என்றார். கடையில் போய் உட்கார்ந்தோம். அவருக்குத் தட்டு முதலில் வந்தது. ஒன்றைச் சாப்பிட்டார். இரண்டாவதைத் தொடவில்லை. அவர் முகம் பிசைந்துவைத்த மைதா மாவின் நிறத்துக்கு வந்தது. அந்தக் குளிரில் நெற்றியில் வேர்வை.

"துக்கல் சாப்... டப்பா."

நான் கையை நீட்டி, ஸ்வெட்டருக்குள் விட்டு, டப்பாவை எடுத்தேன். எடுத்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தடுமாறவும் இல்லை, தேடவும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் என் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் உப்பி, தங்க நிறத்தில், மேல்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் சிவந்து. நான் டப்பாவை என் கோட்டுப் பையில் போட்டேன், எண்ணெய் படாமலிருக்க. பிறகு முதல் பட்டூராவைக் கிள்ளினேன். ஆவி வந்தது.

கடைக்காரர் வாணலியிடமிருந்து கேட்டார்: "பாவுஜி, அவருக்கு என்ன ஆச்சு? ஒரு மாதிரி இருக்காரே."

"ஒண்ணுமில்ல லாலாஜி. மிளகாயைக் கடிச்சிட்டாரு. இப்ப சரியாயிடும்."

"தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க."

கொடுத்தேன். டம்ளரை மேசையின் இந்தப் பக்கம் வைத்தேன். பசீன் என் கோட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலதுகை மேசைமேல் கொஞ்ச தூரம் வந்து, வெங்காயத் தட்டருகே நின்றுவிட்டது. சத்தம் போட அவருக்கு மூச்சு இல்லை. ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"எதுக்கு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. சோலேயைத் தொட்டுக்கொண்டிருந்ததால் விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "குர்தயாளுக்கு."

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்பதுபோல. பிறகு மிகவும் கஷ்டப்பட்டுச் சொன்னார்: "அவருதானே... கேட்டாரு..."

எனக்குத் திருப்தியாக இருந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார். குர்தயாள் அந்தப் பட்டூராவைக் கேட்டிருக்கிறான், இவர் தரவிடவில்லை. ஒரு மனிதன் போகிற நேரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனால் அது அவனுக்கும் நல்லதுதான். அவர் மெல்ல சுவரோடு சாய்ந்தார். குல்லா நழுவி மூக்கின்மேல் வந்தது. பார்க்கிறவர்களுக்குத் தூங்குவதுபோல இருந்திருக்கும்.

நான் அவசரப்படவில்லை. இரண்டையும் சாப்பிட்டேன். அவர் தட்டில் மீதியிருந்த ஒன்றையும் சாப்பிட்டேன். காற்று இறங்கிவிட்டிருந்தது, ஆனாலும் மோசமில்லை. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, டப்பாவை அவருடைய சட்டைப்பையிலேயே வைத்து, ஸ்வெட்டரை இழுத்துவிட்டு, "லாலாஜி, இவரைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கூப்பிட்டேன். லாலாஜி நல்ல மனிதர். அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தார். ஆம்புலன்ஸில் நான்தான் கூடவே போனேன். அவர் மனைவி விமலாவிடமும் நான்தான் சொன்னேன். கோயில் வாசலில் நடந்தது என்று சொன்னேன். அந்தப் பெண் அதுவரை தன் கணவனை எப்படி நினைத்திருந்தாளோ அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான். பஜ்ரங்பலியின் காலடியில் உயிர் போயிற்று என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் அந்தக் கேமராவைக் காட்டி அதைக் கெடுத்திருக்க வேண்டாம்.

ஆமாம், நான்தான். மாத்திரையைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். தெரிந்துதான் கொடுக்கவில்லை. இதில் சுற்றிவளைக்க ஒன்றும் இல்லை.

மொஹிந்தர் கௌரிடம் நீங்கள் போனது எனக்குத் தெரியாது. அவள் சொன்னதாக இப்போது நீங்கள் சொல்வதையும் கேட்டுக்கொண்டேன். கடைசி நாட்களில் குர்தயாளுக்கு எண்ணெய் வாசனை வந்தாலே குமட்டுமாம். தண்ணீர்கூட உள்ளே தங்காதாம். "ஹர்பன்ஸ் எதையாவது தூக்கிக்கிட்டு வந்துடுவான், என் முகத்துக்கு நேரா வச்சிடுவான், என்னால வேணாம்னு சொல்ல முடியாது, எப்படியாவது அவனை வாசல்லயே நிறுத்திடுங்க" என்று பசீனின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதே அவன்தானாம்.

இருக்கலாம். மொஹிந்தர் கௌர் பொய் சொல்கிற பெண் இல்லை. ஆனால் அவள் அவனுக்குப் பெண்டாட்டி மட்டும்தான். அவனோடு நின்று சாப்பிட்டவன் நான். நோய் வந்தவன் ஆயிரம் சொல்வான். அவனுக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்கே தெரியாமல் போயிருக்கும். எனக்குத் தெரிந்தது.

அந்தக் கேமராவில் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னீர்களே, செத்துக்கொண்டிருந்தவரின் தட்டை நான் என் பக்கம் இழுத்துக்கொண்டதை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், சாகிப். அந்தப் பட்டூராவை நான் எனக்காகச் சாப்பிடவில்லை. குர்தயாளுக்காகத்தான் சாப்பிட்டேன்.